சைட்பாரில் கைவைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தம்பி அழைத்தார். "அண்ணே, பிளாக்கருக்குப் புது டெம்ப்ளேட் போட்டேன். சைட்பார்ல இருந்ததெல்லாம் காணோம்" என்றார். பிளாக்கர் என்பது கூகுளின் வலைப்பதிவுத் தளம், டெம்ப்ளேட் அதன் பக்க வடிவமைப்புக் கோப்பு, சைட்பார் பதிவுக்குப் பக்கத்தில் பெட்டிகளை அடுக்கும் ஓரப்பட்டை. பேக்கப் எடுத்தாரா என்று கேட்டேன். இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் இருந்த அதே இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். பெட்டியை இழுத்து வைத்தபின் சேமிக்க மறப்பது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை, ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும். கீழே சொல்லும் தவறுகள் அப்படிப்பட்டவை அல்ல.

டெம்ப்ளேட் மாற்றும்போது பெட்டிகளைப் பறிகொடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். சைட்பாரில் நான் படித்துவந்த வலைப்பதிவுகளின் பட்டியலை மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்தேன், அறுபதுக்கு மேல் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கிருந்தோ இறக்கிய அழகான டெம்ப்ளேட்டை ஏற்றினேன். சில விட்ஜெட்கள் (சைட்பார் பெட்டிகளுக்கு அதுதான் பெயர்) அழிக்கப்படப் போகின்றன, உறுதி செய்யவும் என்று ஒரு செய்தி வந்தது. கீழே வரிசையாகப் பெயர்கள்: லிங்க்லிஸ்ட்1, ஹெச்டிஎம்எல்2, ஹெச்டிஎம்எல்5. அவை எதைக் குறிக்கின்றன என்று யோசிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் டெம்ப்ளேட்டுக்குள் அப்படி ஒரு அடையாளப் பெயர் உண்டு. புதிய கோப்பில் அந்தப் பெயர் இல்லையென்றால் அந்தப் பெட்டிக்கு இடமில்லை, அதில் இருந்ததும் போய்விடும். பழைய டெம்ப்ளேட்டை நான் இறக்கி வைத்திருந்தேன், அதை மறுபடி ஏற்றினேன். பெட்டிகள் திரும்பி வந்தன, உள்ளே ஒன்றுமில்லை. அந்தக் காலத்து டெம்ப்ளேட் கோப்பில் பெட்டியின் பெயரும் இடமும் மட்டும்தான் இருக்கும், நாம் இட்டு நிரப்பியது இருக்காது. நினைவிலிருந்து இருபத்துச் சொச்சம் முகவரிகளை மீட்டேன். மற்றவர்களில் பலர் எழுதுவதையே நிறுத்தியிருந்தார்கள். அவர்களைப் போய்ச் சேர என்னிடம் இருந்த ஒரே வழி அந்தப் பட்டியல்தான்.

ஆகவே, டெம்ப்ளேட்டைத் தொடும் முன், பெட்டிகளை அடுக்கும் லேஅவுட் பக்கத்தில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, உள்ளே இருப்பதை ஒரு நோட்பேட் கோப்பில் ஒட்டி வையுங்கள். கால் மணி நேர வேலை. கைதவறி நீக்கிவிடக் கூடாத பெட்டி என்றால் டெம்ப்ளேட்டில் அதன் வரியைத் தேடி, 'லாக்டு' (locked) என்ற இடத்தில் 'ஃபால்ஸ்' (false) இருப்பதை 'ட்ரூ' (true) என்று மாற்றுங்கள். அப்புறம் லேஅவுட்டில் அதை நீக்க முடியாது.

ஏற்கெனவே போய்விட்டதா? இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் உங்கள் வலைப்பதிவின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். தம்பிக்கு இரண்டு வருடப் பழைய பக்கம் ஒன்று கிடைத்தது, பாதிக்கு மேல் தேறியது.

வேர்ட்பிரஸ்ஸில் வேண்டாததை அழித்துவிடுவது

பிளாக்கரைப் போல வலைப்பதிவு நடத்த உதவும் இன்னொரு கருவி வேர்ட்பிரஸ். அதில் வேண்டாத பெட்டியை அழிக்காதீர்கள். விட்ஜெட் பக்கத்தின் அடியில் செயலற்ற விட்ஜெட்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே நகர்த்தி வைத்தால் சைட்பாரில் தெரியாது, அமைப்புகள் அப்படியே இருக்கும். 2021இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து விட்ஜெட்கள் பிளாக்குகளாக (block, பதிவு எழுதும்போது அடுக்கும் அதே துண்டுகள்) மாறிவிட்டன. பழைய முறையே கைக்குப் பழக்கம் என்றால் 'கிளாசிக் விட்ஜெட்ஸ்' என்ற பிளக்இன் (கூடுதலாக நிறுவும் நிரல்) போதும்.

வருகையாளர் எண்ணிக்கைக் கருவிகள்

ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

கண்ட ஸ்கிரிப்ட்டை ஒட்டுவது

ஸ்கிரிப்ட் என்பது வேறொரு தளம் தரும் நிரல். பெட்டியில் ஒட்டிய பிறகும் அதன் கட்டுப்பாடு அதை வழங்குபவரிடம் இருக்கிறது. அவர் நாளைக்கு அதை மாற்றி விளம்பரம் காட்டினால், அது உங்கள் பக்கத்தில்தான் தெரியும். நிரலில் முகவரி ஹெச்டிடிபி என்று மட்டும் தொடங்கினால், ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் பாதுகாப்பான பக்கத்தில் உலாவியே அதைத் தடுத்துவிடும். பெட்டி வெறுமையாக நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

செல்பேசியில் பார்க்காமல் விடுவது

கணினியில் வலப்பக்கம் இருக்கும் சைட்பார், செல்பேசியில் பெரும்பாலும் பதிவுக்கும் கருத்துகளுக்கும் கீழே போய்விடும். தேடல் பெட்டியை அங்கே வைத்தால் யார் கண்ணில் படும்? அதைத் தலைப்புக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நீண்டு தொங்கும் பழைய பதிவுகள் பட்டியல்

பிளாக்கர் காப்பகப் பெட்டியில் கீழிறங்கு பட்டியலைத் தேர்ந்தெடுங்கள். ஒரே வரியில் அடங்கிவிடும்.