பேக்கிங் பவுடரே இல்லாம பொங்கி வர்ற இத்தாலி கேக்: பான் டி ஸ்பான்யா

பேருக்கு அர்த்தம் 'ஸ்பெயின் ரொட்டி', ஆனா கேக் இத்தாலியோடது. கதை இப்படி சொல்றாங்க: 1700கள் நடுவுல இத்தாலியோட ஜெனோவா நகரத்து தூதரா ஸ்பெயின்ல இருக்கற மாட்ரிட் போன டொமெனிகோ பல்லாவிச்சினி, தன்னோட சமையல்காரர் ஜோபாட்டா கபோனாவையும் கூட்டிட்டு போனாராம், அங்க விருந்துக்கு அவர் செஞ்ச பஞ்சு மாதிரி கேக்க பாத்து அசந்து போனவங்க அதுக்கு ஜெனோவா பேர வெச்சு 'ஜெனுவாஸ்'னாங்க, ஊர் திரும்பினதும் இத்தாலிக்காரங்க ஸ்பெயின் பேர வெச்சாங்க. இன்னைக்கு ரெண்டும் கொஞ்சம் வேற வேற. ஜெனுவாஸ்ல முட்டைய லேசா சூடு பண்ணி அடிப்பாங்க, பெரும்பாலும் பட்டரும் சேரும், பான் டி ஸ்பான்யால அந்த ரெண்டுமே கிடையாது.

அளவு (22 செ.மீ. டின்னுக்கு): முட்டை 5, சர்க்கரை 150 கிராம், மைதா 75, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 75 (கிடைக்கலன்னா கார்ன்ஃப்ளார்), ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சை தோல் துருவல். அவ்ளோதான்.

1. முட்டைய ஃப்ரிட்ஜ்லேர்ந்து முன்னாடியே எடுத்து வெளிய வெச்சிடுங்க. ஓவன் 170 டிகிரி. டின்ல பட்டர் தடவி மாவு தூவிக்கோங்க.

2. இதுதான் உயிரே. முட்டை, சர்க்கரை, உப்ப எலக்ட்ரிக் பீட்டர்ல 15 நிமிஷம் அடிங்க, 15ன்னா நிஜமாவே 15, கடிகாரத்த பாருங்க. நான் முதல் தடவ அஞ்சே நிமிஷத்துல 'நுரை வந்துருச்சே'ன்னு நிறுத்திட்டேன், ஓவன்லேர்ந்து வந்தது கேக் இல்ல, அடை. இந்த கேக்க தூக்குறது முட்டைக்குள்ள நீங்க அடிச்சு ஏத்துற காத்து மட்டும்தான், சூட்டுல அந்த குமிழி விரிஞ்சுதான் கேக் எழும்பும். கலவை வெளுத்து மூணு மடங்கா உப்பணும், பீட்டர தூக்கினா விழற கோடு மாக்கோலம் மாதிரி சில நொடி கலையாம மேலயே நிக்கணும்.

3. மைதாவையும் ஸ்டார்ச்சையும் சேத்து ரெண்டு தடவ சலிச்சு, மூணு பங்கா பிரிச்சு போடுங்க. இப்ப பீட்டர தொடவே கூடாது! ஸ்பேட்சுலாவால அடியிலேர்ந்து மேல மெதுவா மடிச்சு மடிச்சு கலக்கணும், அடியில மாவு கட்டியா ஒளிஞ்சிருக்கும், பாத்துக்கோங்க. ஸ்டார்ச் எதுக்குன்னா, மைதாவோட க்ளூட்டன் குறைஞ்சாதான் கேக் ஜவ்வு மாதிரி ஆகாது. எலுமிச்சை துருவலும் இப்பவே.

4. டின்ல ஊத்துங்க, தட்டாதீங்க, காத்து போயிடும். 35லேர்ந்து 40 நிமிஷம். முதல் அரை மணி நேரம் ஓவன் கதவ திறக்கவே வேணாம். குச்சி குத்தி சுத்தமா வந்தா ஆஃப் பண்ணி, கதவ லேசா திறந்து அஞ்சு நிமிஷம் உள்ளயே விடுங்க, சட்டுனு வெளிய எடுத்தா நடுவுல குழி விழும்.

இத அப்படியே சாப்பிட்டா கொஞ்சம் வறட்சியாதான் இருக்கும், அது தப்பு இல்ல, சிரப்ப உறிஞ்சறதுக்குன்னே செஞ்ச கேக் இது. சிசிலில ரிக்கோட்டா சீஸ் வெச்சு கசாட்டா செய்வாங்க (நம்ம ஐஸ்க்ரீம் கசாட்டா இல்ல), மார்ச் 8 பெண்கள் தினத்துக்கு இதையே சின்ன சின்ன துண்டா வெட்டி மேல ஒட்டி, மிமோசா பூ மாதிரி மஞ்சளா ஒரு கேக் பண்ணுவாங்க. நீங்க 100 மில்லி தண்ணில 50 கிராம் சர்க்கரை கரைச்சு கொதிக்க வெச்சு, ஆறினதும் தெளிச்சா போதும். ஆனா கேக்க அன்னைக்கே வெட்டாதீங்க, உதிர்ந்துடும், மூடி வெச்சு மறுநாள் வெட்டுங்க.