விருந்தினர் எழுந்து போக மனசு வராத சாப்பாட்டு மேசை

முதலில் வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கூரையில் பளீரென்று எரியும் வெள்ளை விளக்கின் கீழே எவ்வளவு அழகான மேசையும் அலுவலகம் மாதிரிதான் இருக்கும். பல்பு வாங்கும்போது அட்டையில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் இளமஞ்சள் ஒளி; நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கான அளவான சிஆர்ஐ 90க்கு மேல் இருந்தால் உணவின் நிறமும் எதிரே இருப்பவர் முகமும் இயல்பாகத் தெரியும். தொங்கும் விளக்காக இருந்தால் மேசைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்க விடுங்கள், அதற்கு மேலே போனால் கண்ணில் குத்தும், கீழே வந்தால் பேசுபவரின் முகத்தை மறைக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைக்க முடிந்தால் கட்டாயம் வையுங்கள்.

அடுத்தது இடம். ஒருவருக்கு 60 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் முழங்கை இடிக்காது. நாற்காலிக்குப் பின்னால் 90 சென்டிமீட்டராவது விடுங்கள், இல்லையென்றால் ஒருவர் எழுந்தால் நாலு பேர் நகர வேண்டியிருக்கும்.

மேசை நடுவே பூ வைப்பது நல்லதுதான், ஆனால் உயரத்தை 30 சென்டிமீட்டருக்குள் நிறுத்துங்கள். உட்கார்ந்து பார்த்து, எதிர் நாற்காலியில் இருப்பவரின் கண் தெரிகிறதா என்று நீங்களே சோதியுங்கள். வாசனை மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம், சமையலின் மணத்தை அது கெடுத்துவிடும், வாசனையில்லாததே போதும்.

வெறும் சுவரும் தரையுமாக இருந்தால் பேச்சு எதிரொலிக்கும். கனமான திரை, மேசைவிரிப்பு, நாற்காலியில் மெத்தை, இவை சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். மெத்தை இருந்தால் சாப்பிட்டு முடித்த பிறகும் அங்கேயே உட்கார்ந்து பேசுவார்கள்.