4-3-3 ஆடும்போது பின்னால் யார் நிற்பது?

வியாசர்பாடியோ காசிமேடோ, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தில் பழகிய பையன்களைப் பதினொரு பேர் ஆட்டத்தில் இறக்கி 4-3-3 (நான்கு டிஃபெண்டர், மூன்று மிட்ஃபீல்டர், மூன்று ஃபார்வர்டு) என்று சொன்னால், பத்தே நிமிடத்தில் எட்டு பேர் எதிரணி பெனால்டி பாக்ஸைச் சுற்றி நிற்பார்கள். பந்து பறிபோனால் மூன்று பாஸில் கோல். அட்டாக் தெரியாமல் இல்லை. அட்டாக் நடக்கும்போது பின்னால் நிற்பது யார் என்று பேசி வைக்காததுதான் குறை. அதனால் பயிற்சியை ஸ்டிரைக்கரிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

முதலில் ஆறாம் நம்பர். மூன்று மிட்ஃபீல்டர்களில் நடுவே, ஸ்டாப்பர்களுக்கு (நடு டிஃபெண்டர்கள் இருவருக்கு) பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னால் நிற்பவர். பந்து ஓரக்கோட்டுக்குப் போனாலும் அவர் துரத்திக்கொண்டு போகக் கூடாது. போனால் நடுவில் வாசல் திறந்துவிடும். 2017-18ல் சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல் கோப்பை வென்றபோது அணியில் இருந்த வியாசர்பாடிக்காரர் தனபால் கணேஷ் ஆடியது இப்படிப்பட்ட டிஃபென்சிவ் மிட்ஃபீல்டு இடத்தில்தான். கைதட்டல் குறைவாகக் கிடைக்கும் வேலை. அணியில் ஆட்டம் நன்றாகப் புரிந்தவரிடம் இதைக் கொடுங்கள்.

அடுத்து சைடு பேக்குகள், அதாவது டிஃபென்ஸின் இரண்டு ஓரங்களில் ஆடுபவர்கள். இருவரும் சேர்ந்து ஏறக் கூடாது. வலது ஏறினால் இடது உள்ளே நகர்ந்து ஸ்டாப்பர்கள் இருவரோடு நிற்க வேண்டும். பின்னால் மூவர், அவர்கள் முன் ஆறாம் நம்பர். எதிரணி மேலே எத்தனை பேரை விட்டிருக்கிறதோ, அதைவிட ஒருவர் கூடுதலாகப் பின்னால் இருந்தால் போதும்.

இனி முன்பக்கம். மைதானத்தை நீளவாட்டில் ஐந்து பட்டைகளாகப் பிரியுங்கள். அளக்கவே வேண்டாம்: பாக்ஸின் பக்கக் கோடுகளையும் கோல் முன்னாலுள்ள சின்னப் பெட்டியின் பக்கக் கோடுகளையும் அப்படியே சுண்ணாம்பில் நீட்டினால் போதும். 68 மீட்டர் அகல மைதானத்தில் ஓரப் பட்டைகள் தலா 14 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அடுத்தவை தலா 11, நடுப்பட்டை 18 சொச்சம். விதி ஒன்றுதான்: ஒரே பக்கத்து விங்கரும் (ஓரத்து ஃபார்வர்டு) சைடு பேக்கும் ஒரே பட்டையில் நிற்கக் கூடாது. நின்றால் எதிரணியில் ஒரே ஆள் இருவரையும் பார்த்துக்கொள்வார். விங்கர் கோட்டை ஒட்டி நின்றால் சைடு பேக் உள்பட்டையில் ஓடட்டும். விங்கர் உள்ளே வெட்டினால் சைடு பேக் வெளியே அவரைத் தாண்டி ஓவர்லாப் போகட்டும்.

எட்டாம் நம்பர்கள், அதாவது ஆறாம் நம்பர் போக மீதி மிட்ஃபீல்டர்கள், இருவரில் ஒருவராவது எதிரணி மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவே நிற்க வேண்டும். இருவரும் இறங்கி வந்து காலடியில் பந்து கேட்டால் ஸ்டிரைக்கர் தனித்துப் போவார். ஸ்டிரைக்கர் கீழே இறங்கி ஆடலாம். 2009 மே 2 அன்று மாட்ரிட்டில் பார்சிலோனா ரியல் மாட்ரிடை 6-2 என்று ஜெயித்தபோது மெஸ்ஸி அப்படித்தான் ஆடினார். ஆனால் அவர் காலி செய்த இடத்தை நோக்கி ஹென்றியும் எட்டோவும் ஓடினார்கள். அந்த ஓட்டம் இல்லாமல் இறங்கினால் ஸ்டாப்பர்களுக்கு நிம்மதிதான்.

ஓரத்திலிருந்து பாக்ஸுக்குள் கிராஸ் வரும்போது நான்கு பேர், நான்கு இடம்: கிட்டத்துப் போஸ்ட், பெனால்டி புள்ளி, தூரத்துப் போஸ்ட், பாக்ஸ் விளிம்பு. தூரத்துப் போஸ்ட் எதிர்ப்பக்க விங்கருடையது. நம் மைதானங்களில் பெரும்பாலும் காலியாகக் கிடப்பதும் அதுதான்.

பந்து பறிபோனதும் ஐந்து விநாடி, பக்கத்திலிருக்கும் மூவர் மட்டும் பாய்ந்து நெருக்க வேண்டும். கிடைக்கவில்லையா, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். ஏப்ரல், மே புழுக்கத்தில் தொண்ணூறு நிமிடமும் பிரெஸ் செய்ய முடியாது. ஒவ்வொரு பாதியிலும் முதல் பதினைந்து நிமிடம் மேலே நெருக்கிவிட்டு, பிறகு நடுக்கோட்டில் காத்திருப்பது நல்லது. கடற்கரை ஓர மைதானத்தில் மாலை ஆட்டம் என்றால் கடல்காற்றையும் கணக்கில் எடுங்கள். எதிர்காற்றில் நீளப் பந்து பாதியிலேயே தொங்கும். அந்தப் பாதியில் தரையோடு ஆடுங்கள். மண் மைதானமாக இருந்தால் கோலியிடமிருந்து சின்ன பாஸில் ஆரம்பிக்க வேண்டாம். பந்து குதிக்கும் திசை யார் கையிலும் இல்லை.

பழக, பாதி மைதானத்தில் எட்டு பேர் தாக்க, ஆறு பேரும் கோலியும் தடுக்கட்டும். நான்கு நிமிடமாக நான்கு சுற்று. பந்தைப் பறித்தவர்கள் பத்து விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டினால் அவர்களுக்கு இரண்டு புள்ளி, தாக்குபவர்களின் கோலுக்கு ஒன்றுதான்.