கொழுந்து நிறுவைப் பதிவுகள் வரிசை மாறுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் நிறுவைக் கொப்பி எழுதும்போது வரிசையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. முதலில் தராசில் ஏறிய கூடை மேல் வரியில் இருக்கும், கடைசிக் கூடை அடியில் இருக்கும். நிறையில் சந்தேகம் வந்து, "எனக்கு முன்னால நிறுத்தது யாரு?" என்று ஒருவர் கேட்டால் விரலை வைத்துக் காட்டிவிடலாம். இந்த வேலையைத் தரவுத்தளத்துக்கு மாற்றும் பலர், அட்டவணையும் கொப்பியைப் போலத்தான் என்று நம்பிவிடுகிறார்கள். மற்றத் தவறுகள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையிலிருந்தே கிளம்புகின்றன.

தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியான எஸ்.கியூ.எல்.லில், அட்டவணைக்கு வரிசை என்று ஒன்று கிடையாது. 'ஓடர் பை' (இதன்படி வரிசைப்படுத்து என்னும் கட்டளை) போடாமல் கேட்டால், தரவுத்தளம் தனக்கு எது சுலபமோ அந்த வரிசையில் நிரைகளை, அதாவது பதிவுகளை, தரும். இருபது பதிவுகளை வைத்துச் சோதிக்கும்போது பதிந்த வரிசையிலேயே வந்து தொலைப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 18 கிலோவுக்குப் பதில் 13 என்று அடித்ததைத் திருத்திப் பாருங்கள். திருத்திய நிரை புதிய பிரதியாக வேறோர் இடத்தில் எழுதப்படும். காலை நிறுவை, பட்டியலின் அடிக்குப் போய்விடலாம். பழைய இடம் துப்புரவானதும் மாலைப் பதிவு ஒன்று அங்கே வந்து உட்காரும். இன்னொரு மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, நிரைகளை முதன்மைச் சாவியின்படி (ஒவ்வொரு நிரையையும் தனித்து அடையாளம் காட்டும் விபரம்) அடுக்கும். திகதியும் தொழிலாளர் இலக்கமும் சேர்ந்த சாவி என்றால், யார் முதலில் நிறுத்தார் என்பது அதில் எங்கும் இருக்காது. வேகத்துக்காக ஓர் இன்டெக்ஸ் (தேடலுக்கான சுட்டிப் பட்டியல்) சேர்த்தாலும் நேற்று வந்த வரிசை இன்று மாறலாம்.

ஆகவே, வரிசை வேண்டுமென்றால் அதற்கென்று அட்டவணையில் ஒரு நிரல் (மேலிருந்து கீழாக வரும் கட்டம்) வைக்க வேண்டும். தானாகக் கூடும் பதிவு எண்ணே பொருத்தம். அதிலும் கோட்டை விடுகிறார்கள். எண்ணை எழுத்து வகையில் வைத்தால் 10 வந்த பிறகுதான் 2 வரும். கைபேசிச் செயலிகளில் இருக்கும் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் 'ஓட்டோ இன்கிரிமென்ட்' என்று சொல்லாமல் விட்டால், கடைசிப் பதிவை அழித்தவுடன் அதன் எண் அடுத்த ஆளுக்குப் போய்விடும். 8.0க்கு முந்திய மைஎஸ்கியூஎல்லிலும், கடைசிப் பதிவுகளை அழித்துவிட்டுச் சேவரை மீண்டும் தொடக்கினால் இதே கதை. நிறுவைப் பதிவை அழிக்கவே கூடாது. 'ரத்து' என்று ஒரு நிரல் வைத்து அதில் குறியுங்கள்.

எண்ணில் இடைவெளி விழுவது பிழையல்ல. பாதியில் கைவிடப்பட்ட பதிவும் ஓர் எண்ணைத் தின்றுவிடும். 41, 42, 44 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் புதிதாக எண் போடுபவர், அச்சடித்துக் கொடுத்த துண்டுகளை எல்லாம் பொய்யாக்கிவிடுகிறார். கணக்காய்வுக்கு இடைவெளி இல்லாத இலக்கம் தேவையென்றால், அதைத் தனி நிரலில் வேறாக வழங்க வேண்டும்.

எண்ணுக்குப் பதிலாக நேரத்தை மட்டும் நம்புவது அடுத்த தவறு. மைஎஸ்கியூஎல்லில் நேர நிரலுக்குத் துல்லியம் குறிப்பிடாவிட்டால் செக்கன் வரைதான் சேமிக்கும். இரண்டு தராசில் ஒரே செக்கனில் நிறுத்தால் யார் முந்தியவர் என்று சொல்ல முடியாது. துல்லியத்தை 6 என்று கொடுத்து, நேரம் ஒன்றானால் எண்ணைப் பார்க்கும்படி ஓடர் பையில் இரண்டையும் எழுதுங்கள். சேவர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால் இலங்கை நேரம் ஐந்தரை மணி முன்னால் நிற்கும். வாட்டிய கொழுந்தை விடியற்காலையில் ரோலருக்கு ஏற்றும் தொழிற்சாலையில், நள்ளிரவு 12 முதல் 5.30 வரையான பதிவுகள் முந்திய நாள் கணக்கில் விழும். இதைச் சரிக்கட்ட எல்லாவற்றிலும் ஐந்தரை மணியைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டவும் வேண்டாம். 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை இங்கே ஆறு மணி வித்தியாசம் இருந்தது. 'ஆசியா/கொழும்பு' என்ற நேர வலயத்தைக் கொடுத்தால் பழைய பதிவுகளும் சரியாக வரும்.

மலையில் அதிகம் சிக்கல் தருவது சிக்னல். பள்ளத்தில் இருக்கும் மடுவத்தில் பதிந்தது, பின்னேரம் அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் சேவருக்கு ஏறும். அப்போது சேவர் கொடுக்கும் எண் வந்து சேர்ந்த வரிசையைத்தான் காட்டும், நிறுத்த வரிசையை அல்ல. ஒவ்வொரு பதிவோடும் நான்கு விடயங்கள் போகட்டும்: கருவியின் அடையாளம், அந்தக் கருவி தானே கொடுத்த தொடர் எண், கருவியின் நேரம், சேவர் பெற்ற நேரம். முதல் இரண்டும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம் என்று கட்டுப்பாடு போடுங்கள். லைன் அறுந்து மீண்டும் அனுப்பினாலும் ஒரே கூடை இரண்டு தடவை ஏறாது. ஒரு கருவிக்குள் தொடர் எண்ணை முழுதாக நம்பலாம். இரண்டு கருவிகளுக்கிடையே கடிகாரம்தான் சாட்சி, ஆகவே கைபேசியில் தானியங்கி நேரம் போட்டிருக்க வேண்டும். யூயூஐடி என்ற நீண்ட தனி அடையாள எண்ணைப் பாவிப்பவர்கள் நான்காம் பதிப்பை வைத்து வரிசைப்படுத்த முயல வேண்டாம், அது ஏறக்குறைய முழுக்க எழுந்தமானம். 2024இல் தரமாக்கப்பட்ட ஏழாம் பதிப்பில் நேரம் முன்னால் வரும். ஆனாலும் அதுவும் கருவியின் கடிகாரமே.

ஏற்கெனவே எண் இல்லாமல் ஓடும் அட்டவணைக்கு இன்று எண் நிரல் சேர்த்தால், நிரைகள் இப்போது கிடக்கும் ஒழுங்கில்தான் எண் விழும். பழைய வரிசை அதனால் மீளாது. பதிந்த நேரம் இருந்தால் அதன்படி எண்ணிடுங்கள். இல்லாவிட்டால் பழையவற்றுக்கு வெறுமையாக விடுவதே நேர்மை.

பக்கம் பக்கமாகக் காட்டும் திரையில், திகதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தி ஐம்பது ஐம்பதாக வெட்டினால், ஒரு நாளின் நூற்றுக்கணக்கான பதிவுகளில் ஒன்று இரண்டு பக்கத்தில் தெரியலாம், இன்னொன்று எதிலுமே தெரியாமல் போகலாம். திகதிக்குப் பின் பதிவு எண்ணையும் சேர்த்தால் தீர்ந்தது. சேமித்து வைத்த கேள்வியான வியூவுக்குள் ஓடர் பை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று: அதை வெளியிலிருந்து அழைக்கும்போது அந்த வரிசைக்கு உத்தரவாதம் இல்லை, கடைசியாகக் கேட்கும் இடத்திலேயே எழுதுங்கள்.