விருது வாங்கிய கட்டடத்தைப் பார்த்து வீடு கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

வீடு கட்டப் போகிறவர்களின் செல்போனில் இப்போதெல்லாம் ஒரு படத் தொகுப்பு இருக்கிறது. பூசாத செங்கல் சுவர், மண் சுவர், மூங்கில் தட்டி, நடுவில் முற்றம். அதில் பல படங்கள் எங்கோ விருது வாங்கிய கட்டடங்களுடையவை. "இதே மாதிரி வேணும்" என்று கொத்தனாரிடம் காட்டுவார்கள். அவரும் "செஞ்சிடலாம் சார்" என்று சொல்லிவிடுவார். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

படத்தில் தெரிவது தோற்றம் மட்டும். விருது கொடுப்பவர்கள் அதற்கு மேலும் பார்க்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தரப்படும் ஆகா கான் கட்டடக்கலை விருதையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்துக் குறைந்தது ஓர் ஆண்டாவது புழக்கத்தில் இருந்த கட்டடத்தைத்தான் பரிசீலிக்கிறார்கள். இறுதிப் பட்டியலுக்கு வந்தவற்றை ஆள் அனுப்பி நேரில் பார்க்கிறார்கள். பரிசுத் தொகையில் கட்டியவர்களுக்கும், கட்டச் சொன்னவர்களுக்கும் பங்கு உண்டு. அந்த ஊர் மழை, மண், கூலி, கைத்திறன் எல்லாவற்றுக்கும் கட்டடம் எப்படி ஈடுகொடுத்தது என்பதுதான் அங்கே பேச்சு. நம் ஊரில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை விட்டுவிட்டு மேற்பூச்சை மட்டும் எடுத்துக்கொள்வதால் வருபவை.

மண் சுவருக்குக் கீழே என்ன இருக்கிறது?

வங்கதேசத்தின் வடக்கே, தினாஜ்பூர் மாவட்டத்து ருத்ராபூர் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அன்னா ஹெரிங்கர், ஐகே ரோஸ்வாக் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்தது. கீழ்த்தளம் தடித்த மண் சுவர், மேல்தளம் மூங்கில். 2007-இல் ஆகா கான் விருது பெற்றது. மண் வீடு கேட்பவர்கள் காட்டும் படங்களில் இது கட்டாயம் இருக்கும்.

அந்தப் பகுதி மண் வீடுகளுக்கு வழக்கமாக அஸ்திவாரமே கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறிச் சுவரை அரித்துவிடும். பள்ளிக்கூடத்துக்குச் செங்கல் அஸ்திவாரம் போட்டார்கள், ஈரம் மேலேறாமல் இருக்க அதன்மேல் தடுப்புப் படலம் விரித்தார்கள். மண்ணில் வைக்கோல் கலந்து, வரிவரியாக வைத்து, ஒரு வரி காய்ந்த பிறகே அடுத்ததை ஏற்றினார்கள். மேலே கூரை சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கிறது. படத்தில் கண்ணுக்குப் படுவது வழவழப்பான மண் நிறம். சுவரைக் காப்பாற்றுவது அடியில் உள்ள செங்கலும் மேலே உள்ள கூரையும்.

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை காற்றோடு சாய்ந்து அடிக்கும். அரையடி சன்ஷேடு வைத்துவிட்டு மண் சுவர் எழுப்பினால் இரண்டு மழைக்காலத்தில் அடிப்பகுதி கரையத் தொடங்கும். அப்புறம் பயந்துபோய் அதன்மேல் சிமெண்ட் பூசுவார்கள். அதுதான் பெரிய தவறு. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கும். பூச்சு பாளம் பாளமாக, மண்ணையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழும். மண் சுவருக்கு மண் பூச்சு, இல்லையென்றால் சுண்ணாம்பு. தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ள வேண்டும். அந்த வேலை வேண்டாம் என்கிறவர்கள் மண் சுவரை விட்டுவிடுவதே நல்லது.

மண்ணைச் சோதிக்காமல் கல் அறுப்பது இன்னொன்று. ஆரோவில்லில் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்த மண்கல்லில் கட்டியதை (அங்குள்ள பார்வையாளர் மையம் 1992-இல், ஏழைகளுக்கான கட்டடக்கலைக்குத் தரும் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது) பார்த்துவிட்டு, கோவில்பட்டிக் கரிசலிலும் அதையே செய்யலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆரோவில்லில் இருப்பது செம்மண். மணல் கூடுதலான அந்த வகை மண்ணுக்கு ஐந்து சதவீத அளவு சிமெண்ட் போதும். கரிசலில் களி அதிகம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், சிமெண்ட்டுக்குச் சரியாகக் கட்டுப்படாது. களிமண்ணுக்குச் சுண்ணாம்புதான் பொருந்தும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அப்படியே விடுங்கள். மணல் உடனே அடியில் தங்கும், வண்டல் அதன்மேல், களி கடைசியாக. எது எவ்வளவு என்பது பட்டையாகத் தெரியும். இது தோராயம்தான், கல் அறுக்கும் முன் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது தனி. எதுவானாலும் செடி வேரும் மக்கலும் கலந்த மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அடிமண்ணை எடுங்கள்.

லாரி பேக்கர் பாணி என்று சொல்லிக்கொண்டு

பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக்கலைஞர். 1990-இல் பத்மஸ்ரீ. உள்ளூரில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தை இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். அவர் பெயரைச் சொல்லி நடக்கும் கூத்துகளுக்கு ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.

அவர் பரப்பிய ராட்-ட்ராப் கட்டில் செங்கலைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி வைப்பார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்குள்ளே வெற்றிடம் கிடைக்கும். செங்கல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சம், வெயில் உள்ளே இறங்குவதும் தாமதப்படும். ஆனால் இதற்குச் செங்கல் ஒரே அளவில் இருக்க வேண்டும். கோணல்மாணலான நாட்டுச் செங்கலை வைத்து இதைக் கட்டினால், மிச்சமான காசு கலவையிலேயே போய்விடும். முதல் வரி, கடைசி வரி, மூலைகள், சன்னல் கதவு ஓரங்கள் இங்கெல்லாம் வெற்றிடம் விடாமல் கட்ட வேண்டும். கரணையிலிருந்து வழியும் கலவை உள்ளே விழுந்து வெற்றிடத்தை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எலக்ட்ரீஷியனை எப்போது கூப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். வழக்கமான வீட்டில் சுவர் எழுந்த பிறகு வந்து, குடைந்து பைப் பதிப்பார். இங்கே அப்படிக் குடைந்தால் மூன்று அங்குலச் செங்கல் உடைந்து உள்ளே விழும். எந்தச் சுவரில் எந்த சுவிட்ச் என்று முதல் வரி வைக்கும் முன்பே முடிவாகியிருந்தால், கட்டும்போதே பைப்பை வெற்றிடத்துக்குள் விட்டுக்கொண்டே போகலாம்.

பூசாமல் விடுவதென்றால் செங்கல் நன்றாக வெந்திருக்க வேண்டும். இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். காய்ந்த கல் ஒன்றை எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். சாதாரணச் செங்கல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது. மூன்று கிலோ கல் 600 கிராமுக்கு மேல் கூடினால் அது வெளிச்சுவருக்கு ஆகாது. பூச்சுச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று மட்டக் கல்லை வாங்கி, உப்பு பூத்த பிறகு பெயிண்டரைத் தேடுவது நடந்துகொண்டே இருக்கிறது.

அடுத்து, ஓடு வைத்த தளம். காங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இரண்டு சுவரில் உட்காரும் தளத்தில் கீழ்ப்பாதி இழுபடுகிறது. அந்த இழுவையைக் கம்பி வாங்கிக்கொள்கிறது. அங்கே உள்ள காங்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம் என்பதால், கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓடுகளை வைத்து அதைக் குறைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் அதையே வைத்துவிடுகிறார்கள். வெளியே நீட்டிய தளத்தில் கணக்கு தலைகீழ்: மேலே இழுவை, கீழே அமுக்கம். காங்கிரீட் மிகவும் தேவைப்படுகிற இடத்தில் ஓடு வைத்தால் எப்படி? நடுச்சுவரின் மேல் தொடர்ந்து ஓடும் தளத்திலும், அந்தச் சுவரை ஒட்டிய பட்டையில் ஓடு கூடாது. இதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர்; சென்ட்ரிங் ஆட்களிடம் விட்டுவிடாதீர்கள். ஓடுகளை ஊறவைக்காமல் அடுக்கினால் அவை காங்கிரீட்டின் தண்ணீரைக் குடித்துவிடும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

கூரையும் முற்றமும்

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் காண்டோ ஊர்ப் பள்ளிக்கூடம் 2004-இல் ஆகா கான் விருது வாங்கியது. அதைக் கட்டிய பிரான்சிஸ் கெரே 2022-இல் கட்டடக்கலையின் மிக உயரிய பரிசாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசும் பெற்றார். அங்கே தகரக் கூரை, வகுப்பறையின் மேல்தளத்தை விட்டு எழும்பி நிற்கிறது. சூடான காற்று அந்த இடைவெளியில் வெளியேறுகிறது. கூரையைத் தாங்கும் சட்டங்களை உள்ளூர் வெல்டர்களே செய்யும்படி சாதாரணக் கட்டுமானக் கம்பியில் அமைத்தார். நம் ஊர் மொட்டைமாடித் தகரக் கொட்டகைகளில் நாலு பக்கமும் அடைத்துவிட்டு மின்விசிறி மாட்டுகிறோம்.

முற்றத்துக்கும் அதே கதி. செட்டிநாட்டு வீட்டைப் பார்த்து முற்றம் வைப்பார்கள், பிறகு குரங்கும் மழையும் வருகிறதென்று கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு மூடுவார்கள். வெயில் உள்ளே வரும், வெப்பம் வெளியே போகாது. குரங்குக்குக் கம்பி வலை போதும், மழைக்கு வடிகால் போதும்.

பழைய முறை என்றால் எல்லாமே பழையபடி இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் உதவாது. இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 2001-இல் ஆகா கான் விருதின் தலைவர் சிறப்பு விருது பெற்றவர். அவர் வீடுகளின் நாட்டு ஓட்டுக் கூரைக்கு அடியில் நெளிவுச் சிமெண்ட் தகடு இருக்கும். மழையைத் தடுப்பது தகடு. ஓடு வெப்பத்தைக் குறைத்துத் தோற்றம் தருகிறது. அன்றைய தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அதை மட்டும் இப்போது பின்பற்ற வேண்டாம்.

புதுப்பிக்கும்போது

ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயில் சீரமைப்புக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பிற்காலத்தில் சேர்த்த கட்டுமானங்களை அகற்றியதும், பழைய மழைநீர் வடிகாலை மீட்டதும் அதில் முக்கியம். தாத்தா வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் டைல்ஸ் கடைக்குப் போகும் முன், எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று முதலில் பட்டியல் போடுங்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் அடித்த சிமெண்ட் பூச்சு அதில் முதல் வரியாக இருக்கட்டும்.

காசு

"மண் வீடு, செலவு பாதி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சம் சுவரில்தான். அஸ்திவாரம், கதவு சன்னல், ஒயரிங், குழாய் எல்லாம் அதே விலை. கைவேலை அதிகம், தெரிந்த கொத்தனார் குறைவு.

காசு இறுக்கமாக இருப்பவர்கள் பார்க்க வேண்டியது இந்தூரின் ஆரண்யா குடியிருப்பு. பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்து 1995-இல் ஆகா கான் விருது பெற்றது. ஏழைக் குடும்பங்களுக்கு முழு வீடு கட்டித் தரவில்லை; மனை, அடித்தளம், கழிப்பறையும் தண்ணீரும் கொண்ட ஒரு கரு. மீதியைக் கையில் காசு வர வர அவர்களே கட்டிக்கொண்டார்கள். நாமோ ஒரே மூச்சில் மாடியும் போட்டுவிடக் கடன் வாங்குகிறோம். படிப்படியாகக் கட்டுவதென்றால் மாடிப்படிக்கு இடம், தூணின் அளவு, அஸ்திவாரத்தின் பலம் மூன்றையும் முழு வீட்டுக்கும் இப்போதே கணக்குப் போட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் மாடி எடுக்க மொட்டைமாடியில் நீட்டி விடும் கம்பிகளையும் திறந்தபடி விட்டு வைக்காதீர்கள். சிமெண்ட் பால் அடித்து, மேலே சிமெண்ட் குறைந்த காங்கிரீட் போட்டு மூடிவைத்தால், எடுக்கும்போது உடைத்துக்கொள்ளலாம், கம்பியும் துருப்பிடிக்காமல் இருக்கும்.