ஐஎஸ்டிஎன் அடாப்டர்: டிரைவரை நிறுவும் முன்பும் நிறுவிய பின்பும்

ஐஎஸ்டிஎன் என்பது பேச்சையும் தரவையும் தொலைபேசிக் கம்பி வழியே டிஜிட்டல் வடிவில் கொண்டுசெல்லும் சேவை. அதனுடன் கணினியை இணைக்கும் அடாப்டருக்கான டிரைவரை நிறுவுவது சில நிமிட வேலைதான். அதன் பிறகு இணைப்புக் கிடைக்காமல் அரை நாள் போராட நேர்ந்தால், பெரும்பாலும் குறை டிரைவரில் இருப்பதில்லை. நிறுவும்போது அது கேட்ட இரண்டு மூன்று கேள்விகளுக்கு நாம் ஊகமாக அளித்த விடைகளில்தான் இருக்கும். அந்த விடைகளைக் கணினிக்குள் தேடிப் பயனில்லை. தொலைபேசி நிறுவனம் இணைப்பு வழங்கியபோது தந்த தாளிலும், சுவரில் பொருத்தியுள்ள பெட்டியிலும்தான் அவை இருக்கின்றன. ஆகவே, கணினியின் மூடியைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

பல நாடுகளில் இந்தச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது, அல்லது படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது. அலுவலகங்களின் பழைய உள் தொலைபேசிப் பரிமாற்றகங்கள், ஒலிபரப்புக் கருவிகள், தொலைவிலிருந்து கண்காணிக்கும் பழைய நிறுவல்கள் ஆகியவற்றைப் பராமரிப்பவர்களுக்கே இன்று இந்த வேலை வருகிறது. எனவே, இணைப்பு இன்னும் உயிருடன் இருக்கிறதா என்பதை நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்வதே முதற்படி.

இணைப்பைப் பற்றி அறிய வேண்டியவை

வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் தரப்படும் அடிப்படை இணைப்பில் மூன்று தடங்கள் உள்ளன. வினாடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள இரண்டு பி தடங்கள் தரவையும் பேச்சையும் சுமக்கின்றன. 16 கிலோபிட் வேகமுள்ள ஒரு டி தடம், அழைப்பை ஏற்படுத்துவதற்கும் துண்டிப்பதற்குமான செய்திகளைச் சுமக்கிறது. டிரைவர், தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகத்துடன் பேசுவது இந்த டி தடத்தின் வழியாகத்தான். இரு தரப்பும் ஒரே மொழியில் பேசவில்லையென்றால் பி தடம் திறக்கவே திறக்காது. அந்த மொழியைத்தான் டிரைவரின் அமைப்புத் திரை ‘சுவிட்ச் வகை’ என்று கேட்கிறது. ஐரோப்பாவிலும் அதைப் பின்பற்றிய நாடுகளிலும் டிஎஸ்எஸ்1 எனப்படும் யூரோ ஐஎஸ்டிஎன், வட அமெரிக்காவில் நேஷனல் ஐஎஸ்டிஎன் 1, 5இஎஸ்எஸ், டிஎம்எஸ்-100 ஆகியவற்றுள் ஒன்று, ஜப்பானில் ஐஎன்எஸ்64. பட்டியலில் முதலில் இருப்பதைத் தேர்ந்துவிட்டு அடுத்த திரைக்குப் போகும் பழக்கம் இங்கே உதவாது.

இரண்டாவது கேள்வி எண்ணைப் பற்றியது. டிஎஸ்எஸ்1 இணைப்புகளில் ஒரே கம்பிக்குப் பல தொலைபேசி எண்கள் தரப்பட்டிருக்கலாம். அவற்றுள் எந்த எண்ணுக்கு வரும் அழைப்பை இந்தக் கணினி எடுக்க வேண்டும் என்பதை எம்எஸ்என் என்ற கட்டத்தில் குறிப்பிட வேண்டும். இணைப்பகம் எந்த வடிவில் எண்ணை அனுப்புகிறதோ அதே வடிவில் இங்கும் எழுத வேண்டும். ஊர்க் குறியீட்டைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டால் உள்வரும் அழைப்புகள் ஓசையின்றிப் புறக்கணிக்கப்படும். வட அமெரிக்க இணைப்புகளில் எண்ணோடு ஸ்பிட் என்ற அடையாள எண்ணும் வேண்டும். பொதுவான வடிவில் அது 10 இலக்கத் தொலைபேசி எண்ணும் அதன் பின்னே 0101 என்பதும் சேர்ந்த 14 இலக்கம். ஆனால் எல்லா நிறுவனங்களும் இந்த வடிவைப் பின்பற்றியதில்லை. ஆகவே ஊகிக்காமல் கேட்டு எழுதுவதே நல்லது.

மூன்றாவது, இணைப்பு பல கருவிகளுக்கானதா அல்லது ஒரே கருவிக்கானதா என்பது. முதல் வகையில் ஒரே பஸ்ஸில், அதாவது கருவிகள் பகிரும் பொதுக் கம்பியில், எட்டுக் கருவிகள் வரை இணைக்கலாம். இணைப்பகம் ஒவ்வொன்றுக்கும் டிஇஐ என்ற அடையாள எண்ணைத் தானே வழங்கும். இரண்டாம் வகை அலுவலகங்களின் உள் தொலைபேசிப் பரிமாற்றகங்களுக்கானது. அங்கே டிஇஐ பெரும்பாலும் 0 என நிலையாக இருக்கும். இந்த ஒரு தேர்வு மாறிப்போனால், கார்டும் கேபிளும் சரியாக இருந்தும் எந்த அழைப்பும் போகாது. எங்கும் பிழைச் செய்தி தெளிவாக வராது என்பதால், எனக்குத் தெரிந்து மிக அதிக நேரத்தை வீணாக்கும் தவறு இதுதான்.

கம்பியும் கார்டும்

இணைப்பகத்திலிருந்து வருவது இரண்டு கம்பிகள் கொண்ட யூ இடைமுகம். சுவரிலுள்ள என்டி1 பெட்டி அதை நான்கு கம்பிகள் கொண்ட எஸ்/டி இடைமுகமாக மாற்றித் தருகிறது. ஐரோப்பாவில் இப்பெட்டியைத் தொலைபேசி நிறுவனமே பொருத்தித் தரும். வட அமெரிக்காவில் அதை வாடிக்கையாளர் தாமே வாங்க வேண்டும், அல்லது அது அடாப்டருக்குள்ளேயே இருக்கும். அடாப்டர் எந்த இடைமுகத்துக்கானது என்பதை அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து உறுதிசெய்த பிறகே கேபிளைச் செருக வேண்டும். எஸ்/டி கேபிளின் முனையும் ஈதர்நெட் கேபிளின் முனையும் பார்வைக்கு ஒன்றே. கணினியின் பின்புறத்தில் இரண்டு துளைகளும் அருகருகே இருந்தால், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவைப்பது வெட்கப்பட வேண்டிய செயலன்று.

உட்செருகும் கார்டு என்றால் கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கார்டை ஸ்லாட்டில் முழுவதுமாக அமரும்படி அழுத்திப் பொருத்த வேண்டும். பிசிஐ கார்டுகளுக்கு, கணினியின் கவனத்தைக் கோர உதவும் ஐஆர்க்யூ என்ற இடையீட்டு எண்ணைக் கணினியே ஒதுக்கிக்கொள்ளும். மிகப் பழைய ஐஎஸ்ஏ கார்டுகளில் ஐஆர்க்யூ எண்ணையும் உள்ளீட்டு வெளியீட்டு முகவரியையும் நாமே தேர்ந்து, டிரைவரிலும் அதே மதிப்புகளை எழுத வேண்டும்; ஒலிக் கார்டு ஏற்கெனவே பிடித்துவைத்துள்ள எண்ணைத் தந்துவிட்டால் இரண்டும் இயங்காது. யுஎஸ்பி அடாப்டர்களில் வரிசை தலைகீழாக இருப்பதுண்டு. டிரைவரை முதலில் நிறுவி, கேட்கும்போது மட்டும் அடாப்டரைச் செருகும்படி கையேடு சொன்னால் அதை மீறக் கூடாது. மீறினால் இயக்குதளம் தானறிந்த பொருந்தாத டிரைவரை ஏற்றிவிடும்.

விண்டோஸில் நிறுவுதல்

விண்டோஸ் 2000, எக்ஸ்பி போன்ற பதிப்புகளில் கணினியை மீண்டும் இயக்கியதும் புதிய வன்பொருள் கண்டறியப்பட்டதாகச் செய்தி வரும். தானாகத் தேடும்படி விடாமல், தயாரிப்பாளர் தந்த கோப்புகள் உள்ள கோப்புறையை நாமே காட்டுவது பாதுகாப்பானது. அடாப்டர் விற்கப்பட்ட காலத்து டிரைவர்கள் பெரும்பாலும் 32 பிட்டுக்கானவை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்காது. மேலும், விஸ்டாவிலிருந்து 64 பிட் பதிப்புகள் டிஜிட்டல் கையொப்பமில்லாத டிரைவர்களையும் ஏற்க மறுக்கின்றன. பழைய கார்டுக்குப் பழைய கணினியை ஒதுக்கிவிடுவது, புதிய கணினியில் வழி தேடுவதைவிட மலிவு.

நிறுவலின் நடுவிலோ முடிவிலோ சுவிட்ச் வகையையும் எண்களையும் கேட்கும் திரை தோன்றும். அப்போது தவறவிட்டாலும், டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் மேல் இருமுறை சொடுக்கி, ஐஎஸ்டிஎன் என்ற தாவலில் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். ‘இக்கருவி சரியாக இயங்குகிறது’ என்று அங்கே தெரியும் வாசகத்தைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். கார்டு கணினிக்குப் பதில் சொல்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் அதே வாசகம் அப்படியே இருக்கும்.

பல அடாப்டர்களின் டிரைவர் இரண்டு அடுக்குகளாக இருக்கும். கீழ் அடுக்கு கேப்பி எனப்படும் பொது இடைமுகம். தொலைநகல், பதிலளிக்கும் மென்பொருள் போன்றவை அதன் வழியாகவே கார்டைத் தொடுகின்றன. மேல் அடுக்கு, பி தடங்களை விண்டோஸின் டயல்-அப் பகுதிக்குக் காட்டித் தருகிறது. கீழ் அடுக்கை மட்டும் நிறுவியிருந்தால், தொலைநகல் மென்பொருள் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே, புதிய இணைப்பை உருவாக்கும் திரையில் ஐஎஸ்டிஎன் தடம் ஒன்றுகூடத் தெரியாது. அப்போது கார்டைக் கழற்றி மாட்டுவதால் பயனில்லை. விடுபட்ட மேல் அடுக்கைத் தயாரிப்பாளரின் வட்டிலிருந்து நிறுவ வேண்டும்.

கேப்பியில் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தத் தயாரிப்பாளரின் டிரைவரானாலும் கேப்பி2032 என்ற ஒரே பெயருடைய கோப்பைத்தான் விண்டோஸின் அமைப்புக் கோப்புறையில் வைக்கிறது. பழைய அடாப்டரை எடுத்துவிட்டு வேறொரு நிறுவனத்தின் அடாப்டரைப் போடும்போது, முந்தைய டிரைவரை முறைப்படி நீக்கிக் கணினியை மறுபடி இயக்கிய பின்னரே புதியதை நிறுவ வேண்டும். இல்லையென்றால் ஒன்றின் கோப்பு மற்றதன் கார்டோடு பேச முயன்று தோற்கும்.

வெளியே வைக்கும் அடாப்டர்கள்

சீரியல் போர்ட்டில் இணைக்கும் டெர்மினல் அடாப்டர்கள் கணினிக்கு ஒரு மோடமாகவே தெரிகின்றன. அவற்றுக்கு டிரைவர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை; கருவியை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும் ஓர் ஐஎன்எஃப் கோப்பும், மோடம் கட்டளைகளின் தொகுப்பும்தான். வேகத்தில் மட்டும் ஒரு கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். சீரியல் போர்ட்டின் வழக்கமான உச்ச வேகம் 115200 பிட். ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து 10 பிட் செலவாவதால் வினாடிக்கு 11520 பைட்டுகளே கடக்கும். இரண்டு பி தடங்களும் சேர்ந்தால் 16000 பைட்டுகளைத் தர வல்லவை. ஆகவே, இரட்டைத் தடத்துக்குக் கட்டணம் செலுத்தியும் முழுப் பயனைப் பெறாமல் போகலாம். 230400 பிட் வேகத்தைத் தாங்கும் போர்ட்டோ, உட்செருகும் கார்டோ, யுஎஸ்பியோ இருந்தால்தான் இரண்டாம் தடத்தைத் திறப்பதில் பொருளுண்டு.

லினக்ஸில்

லினக்ஸில் தயாரிப்பாளரின் பெயரைவிடக் கார்டிலுள்ள சிப்பின் பெயரே முக்கியம். வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகளுக்குள் ஒரே எச்எஃப்சி சிப் இருந்ததுண்டு. ஆகவே பிசிஐ கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையை இயக்கிச் சிப்பை அறிந்த பிறகு அதற்கான மாட்யூலை, அதாவது லினக்ஸ் ஏற்றிக்கொள்ளும் டிரைவர் துண்டை, தேர்க. பழைய கர்னல்களில் (கர்னல் என்பது இயக்குதளத்தின் மையப் பகுதி) ஐஎஸ்டிஎன்4லினக்ஸ் தொகுப்பும் அதன் ஹைசாக்ஸ் டிரைவரும் பயன்பட்டன. ஹைசாக்ஸை ஏற்றும்போது கார்டின் வகை எண்ணோடு நெறிமுறை எண்ணையும் தர வேண்டும்: யூரோ ஐஎஸ்டிஎன்னுக்கு 2, நேஷனல் ஐஎஸ்டிஎன் 1-க்கு 4. விண்டோஸின் சுவிட்ச் வகைக் கேள்விதான் இங்கே ஓர் எண்ணாக வருகிறது. 2008-இல் வெளிவந்த 2.6.27 கர்னலில் எம்ஐஎஸ்டிஎன் என்ற புதிய அடுக்கு சேர்ந்தது, 2019-இல் 5.3 பதிப்பிலிருந்து ஐஎஸ்டிஎன்4லினக்ஸ் நீக்கப்பட்டது. ஆகவே, பழைய வழிகாட்டிகளிலுள்ள கட்டளைகளைப் புதிய கர்னலில் அடித்துவிட்டு மாட்யூல் இல்லை என்று திகைக்க வேண்டாம்.

டயல் அமைப்பு

தடங்கள் தெரியத் தொடங்கியதும் புதிய டயல்-அப் இணைப்பை உருவாக்கி, எதிர்முனையின் எண்ணையும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அளிக்க வேண்டும். தடத்தின் வகை என்ற இடத்தில் 64 கிலோபிட் டிஜிட்டல் என்பதே இயல்பான தேர்வு. வட அமெரிக்காவின் சில வழித்தடங்களில் ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட்டைத் தரவுக்கு நம்பிப் பயன்படுத்த முடியாது. அங்கே 56 கிலோபிட் என்பதைத் தேர்க. அழைப்பு ஏற்கப்பட்டும் உள்நுழைவு நடக்காமல் தரவு குப்பையாகவே வந்தால் முதலில் சோதிக்க வேண்டிய இடம் இது.

இரண்டு தடங்களையும் சேர்த்து 128 கிலோபிட் பெற மல்டிலிங்க் வசதியை இயக்க வேண்டும்; எதிர்முனையும் அதை ஏற்க வேண்டும். இரண்டு தடங்கள் என்றால் இரண்டு அழைப்புகள், இரண்டு கட்டணங்கள். போக்குவரத்து மிகும்போது மட்டும் இரண்டாம் தடத்தைத் திறக்கும் தேர்வு இருந்தால் அதையே பயன்படுத்துக.

சோதனையும் பிழை எண்களும்

முதல் சோதனைக்குச் செலவில்லை. வேறொரு தொலைபேசியிலிருந்து இந்த இணைப்பின் எண்ணை அழைத்து, கணினியில் அழைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளில் அது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, எடுக்கும் முன்பே வைத்துவிடலாம். தெரிந்தால் கேபிள், டி தடம், சுவிட்ச் வகை மூன்றும் சரி. அடுத்து, ஒரு தடத்திலிருந்து நம் எண்ணையே நாம் அழைத்து மற்றொரு தடத்தில் ஏற்கலாம். எதிர்முனையின் குறைகள் குறுக்கிடாமல் நம் பக்கத்தைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

கேப்பி தரும் பிழை எண்கள் தொடர்பின் எந்த அடுக்கில் கோளாறு என்பதைக் காட்டிவிடுகின்றன; இவை முன்பு சொன்ன டிரைவர் அடுக்குகள் அல்ல. 3301 என்றால் முதல் அடுக்கு. கேபிளையும் என்டி1 பெட்டியையும் பார்க்க வேண்டும். 3302 என்றால் இரண்டாம் அடுக்கு; டிஇஐ அமைப்பும், ஒரு கருவியா பல கருவிகளா என்ற தேர்வும் ஐயத்துக்குரியவை. 3303 என்றால் மூன்றாம் அடுக்கு. சுவிட்ச் வகை பொருந்தவில்லை என எண்ண இடமுண்டு. 34 எனத் தொடங்குபவை இணைப்பகமே அனுப்பிய காரணங்கள்: 3490 இயல்பான துண்டிப்பு, 3491 எதிர்முனை வேறு அழைப்பில் உள்ளது, 3481 அப்படி ஓர் எண் வழங்கப்படவே இல்லை. இந்த வகை எண் வந்துவிட்டால் நம் டிரைவர் இணைப்பகம் வரை சென்று பேசித் திரும்பியிருக்கிறது என்று பொருள். இனி அதை நீக்கி மறுபடி நிறுவுவது வீண்.

கடைசியாக, இணைப்பு கிடைத்த அன்றே அது துண்டிக்கப்படுவதையும் சோதிக்க வேண்டும். பயன்பாடற்ற நேரத்துக்கான வரம்பைச் சில நிமிடங்களுக்கு அமைத்து, எந்த மென்பொருளையும் தொடாமல் காத்திருந்து, அடாப்டரிலோ கண்காணிப்புத் திரையிலோ இரண்டு பி தடங்களின் குறியீடும் அணைகின்றனவா என்று பார்க்க வேண்டும். பின்னணியில் இயங்கும் ஏதேனுமொரு நிரல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு தரவுப் பொதியை அனுப்பிக்கொண்டிருந்தாலும் அவை அணையமாட்டா. எந்த நிரல் என்று கண்டுபிடித்து நிறுத்தும் வரை, தானாக டயல் செய்யும் வசதியை முடக்கியே வைத்திருக்க வேண்டும்.