பரிசு காட்டாமல் குழந்தையின் ஆர்வத்தை வளர்ப்பது எப்படி?

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் பாட்டி காலையில் கோலம் போடும்போது, நான்கரை வயது மகளும் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலிடுக்கில் மாவு நழுவ நழுவ மூன்று புள்ளிக் கோலம் இழுத்துக்கொண்டிருப்பாள். அந்த ஆர்வம் நிலைக்கட்டும் என்று எண்ணி, "தினமும் போட்டால் ஒரு ஜெம்ஸ் பாக்கெட்" என்று நான்தான் சொன்னேன். பத்தே நாளில் கோலம் ஒற்றைச் சுழியாகச் சுருங்கியது; அதையும் அவசரமாகப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். மிட்டாய் தீர்ந்த அன்று, மாவுக் கிண்ணத்தின் பக்கம் அவள் வரவே இல்லை.

உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய 3 முதல் 5 வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் கொண்ட சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள்; இன்னொரு பிரிவினருக்கு, சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதையே கொடுத்தார்கள்; மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் தரவில்லை. ஓரிரு வாரங்களுக்குப் பின் பார்த்தபோது, முன்பே வாக்குறுதி பெற்ற குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். ஆர்வத்தைக் கெடுத்தது பரிசு அன்று, முன்கூட்டியே பேசிய பேரம்தான் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே முதலில், குழந்தை தானாகவே எதையெல்லாம் செய்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவற்றுக்கு எந்தப் பரிசையும் அறிவிக்காதீர்கள். "சூப்பர்", "கெட்டிக்காரி" என்பதற்குப் பதிலாக, "இந்த வளைவை இரண்டு முறை அழித்துத் திரும்பப் போட்டாயே" என்று கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். தன் உழைப்பை ஒருவர் உண்மையிலேயே பார்த்தார் என்பது குழந்தைக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, வேலையே சரி தவறைக் காட்டும்படி ஏற்பாடு செய்யுங்கள். 1939-இல் அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, பரிசு, தண்டனை இரண்டையுமே தவிர்க்கச் சொன்னவர். வெவ்வேறு அளவுக் குழிகளில் பொருத்தி விளையாடும் அவருடைய உருளைக் கட்டைகளில் ஒன்றைத் தவறான குழியில் வைத்தால், கடைசியில் ஒரு கட்டை பொருந்தாமல் நிற்கும். யாரும் திருத்த வேண்டியதில்லை. வீட்டிலோ தண்ணீர் ஊற்றிப் பழக ஒரு சின்னச் சொம்பும் இரண்டு டம்ளரும் போதும். சிந்திய தண்ணீரைத் துடைக்கத் துணியையும் பக்கத்திலேயே வைத்துவிட்டு, நீங்கள் குறுக்கிடாமல் இருங்கள். நம் ஊரில் பள்ளிக்குக் கிளம்பும் காலைப் பரபரப்பில் இது நடக்காது என்பதால், சாயங்கால வேளையை ஒதுக்குவது நல்லது.

பல் தேய்ப்பது போன்ற கட்டாயங்களில், செய்வதா வேண்டாமா என்று கேட்காமல், எந்த பிரஷ், யார் முதலில் என்பதைக் குழந்தையிடம் விடுங்கள். கசப்பு மருந்து, தடுப்பூசி ஆகியவற்றுக்கு ஒரு மிட்டாய் தருவதில் தவறில்லை என்பது என் கருத்து. அங்கே கெடுவதற்கு முன்பே ஓர் ஆர்வம் இருக்கவில்லை.

தாத்தா பாட்டியிடம், "ஃபர்ஸ்ட் வந்தால் சைக்கிள்" என்ற நிபந்தனையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அன்பாக வாங்கித் தரும் சைக்கிளை யாரும் தடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே பரிசுக்குப் பழகிய குழந்தை சில நாள் அடம்பிடிக்கும். அப்போது உபதேசம் செய்யாமல், அந்த வேலையை நீங்களே அதன் எதிரில் செய்யுங்கள். நான் தினமும் வாசலில் உட்கார்ந்து கோலம் போட்டேன், அவளைக் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள், பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்து நின்று, "அம்மா, உன் புள்ளி கோணலா இருக்கு, தள்ளு" என்றாள்.